போனிலிருந்து கணினிக்கு: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

போனில் இடமில்லை என்ற அறிவித்தல் வந்த பிறகுதான் பெரும்பாலான வீடுகளில் படங்களைப் பற்றிய யோசனையே பிறக்கிறது. கையில் அகப்பட்ட கேபிளைச் செருகுகிறோம். போன் சார்ஜ் ஆகிறது, கணினியில் ஒன்றும் தெரிவதில்லை. வட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பிப் பார்க்கிறோம். படம் வருகிறது, தெளிவு வருவதில்லை. கூகுள் போட்டோஸில் ஏறிவிட்டது என்று நம்பி அந்தச் செயலியில் படத்தை அழிக்கிறோம். இரண்டு இடத்திலும் போய்விடுகிறது. மூன்று எரிச்சலுக்கும் வேர் ஒன்றுதான். படத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது ஒரு வேலை, அதைக் காத்து வைப்பது வேறொரு வேலை. முதலாவதற்குச் சுகமான வழி இரண்டாவதற்குப் பெரும்பாலும் உதவாது.

இலங்கையின் கிழக்கில் மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையான கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இதில் இன்னும் சில கணக்குகள் உண்டு. வாப்பாவோ மகனோ கட்டாரிலும் சவூதியிலும் இருப்பதால் படம் அனுப்புவது இங்கே அன்றாட வேலை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த அனுபவம் இன்னும் மறக்கவில்லை. கடற்காற்றின் உப்பு, கணினியின் யூஎஸ்பி துளைகளையும் விட்டுவைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக 2004 டிசம்பர் 26இன் சுனாமி. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அன்று, சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் அலுமாரிகளோடு அல்பங்களும் போயின. போனவர்களின் முகம் வேறூர் உறவினர் வீட்டு அல்பத்தில் இருந்தால்தான் உண்டு என்றானது.

ஆகவே எந்த வழியையும் ஐந்து கேள்விகளால் அளக்கலாம். படத்தின் தரம் குறையுமா? டேட்டா கழியுமா? நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும்? வேண்டாதவர் கண்ணில் படுமா? வீட்டுக்கு ஏதும் ஆனாலும் படம் மிஞ்சுமா?

கேபிள்

நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் படம் இருந்தால் கேபிள்தான் முதல் தெரிவு. 12 மெகாபிக்சல் படம் ஒன்று ஏறத்தாழ 3 முதல் 5 எம்பி. ஆயிரம் படம் என்றால் 4 ஜிபி அளவில் வரும். சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்கே அது சில நிமிட வேலை. டேட்டா கழியாது; தரமும், படம் எடுத்த தேதியும் அப்படியே வரும்.

கணினி போனைக் கண்டுகொள்ளாவிட்டால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். மலிவாக விற்பவை சிலவற்றில் சார்ஜுக்கான கம்பி மட்டுமே இருக்கும், டேட்டாவுக்கான கம்பி இராது. கேபிள் சரியென்றால் போனைப் பாருங்கள். ஆண்ட்ராய்ட் போன் செருகியதும் சார்ஜ் மட்டும் எடுக்கும். லொக்கைத் திறந்து, மேலிருந்து அறிவித்தலை இழுத்து, ‘பைல் ட்ரான்ஸ்பர்’ என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். கெமராவில் எடுத்தவை ‘டிசிஐஎம்’ என்ற கோப்புறைக்குள் இருக்கும். வட்ஸ்அப்பில் வந்தவை அங்கே இரா. ஆண்ட்ராய்ட் 11 முதல் அவை ‘ஆண்ட்ராய்ட்’ கோப்புறைக்குள் ‘மீடியா’, அதற்குள் வட்ஸ்அப்பின் கோப்புறை என்று ஆழத்தில் கிடக்கின்றன. டிசிஐஎம்மை மட்டும் எடுத்துவிட்டுப் போனை ரீசெட் செய்தால், வெளிநாட்டிலிருந்து வந்த படங்கள் அனைத்தும் போய்விடும்.

ஐபோனுக்கு வேறு மூன்று சிக்கல்கள். முதன்முறை செருகும்போது இந்தக் கணினியை நம்பலாமா என்று போன் கேட்கும். ‘ட்ரஸ்ட்’ தட்டாதவரை கணினிக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவது, 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் புதிய ஐபோன்கள் படங்களை ‘ஹெய்க்’ வடிவில் சேமிக்கின்றன. கணினிக்கு அனுப்பும்போது அவற்றை ஜேபெக்காக மாற்றிக்கொண்டே அனுப்புவதால் பாதியில் பிழை காட்டி நின்றுவிடுவது வழக்கம். செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதிக்குப் போய், கணினிக்கு மாற்றும் இடத்தில் ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்று வைத்தால் பெரும்பாலும் தீரும். மூன்றாவது, ஐகிளவுட்டில் இடம் மிச்சப்படுத்தும் வசதி போட்டிருந்தால் முழு அளவுப் படம் போனிலேயே இராது. கேபிள் வழியாக அது வரவும் மாட்டாது.

எந்தப் போனானாலும் ஒரு விதி: ‘கட்’ வேண்டாம், ‘கொப்பி’ மட்டும். வெட்டி ஒட்டும் நேரத்தில் கரண்ட் போனால் எது வந்தது, எது வரவில்லை என்று தெரியாமல் நிற்க நேரும். கொப்பி எடுத்தபின் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போன பிறகுதான் போனில் அழிப்பது.

கேபிள் இல்லாத நேர்வழி

ஐம்பது, நூறு படங்களுக்கு இது கேபிளைவிடச் சுகம். ஆண்ட்ராய்டில் குயிக் ஷெயார் இருக்கிறது. கூகுளின் நியர்பை ஷெயார் 2024இல் இதனோடு ஒன்றாக்கப்பட்டது. விண்டோஸ் கணினிக்கும் இது உண்டு. லோக்கல்சென்ட் என்ற இலவசச் செயலி ஆண்ட்ராய்ட், ஐபோன், விண்டோஸ் எல்லாவற்றிலும் ஓடும். விளம்பரமும் இல்லை.

வீட்டில் வைபை இல்லாவிட்டாலும் போனின் ஹொட்ஸ்பொட்டில் லெப்டொப்பை இணைத்தால் போதும். படம் இணையத்துக்குப் போகாமல் நேரே கணினிக்குப் போவதால் அதற்கு டேட்டா கழியாது. ஆனால் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் இணைப்புக் கிடைத்த மகிழ்ச்சியில் விண்டோஸ் தன் அப்டேட்டை இறக்கத் தொடங்கிவிடும். ஆயிரக்கணக்கான படங்களுக்கு இந்த வழி வேண்டாம். போன் திரை அணைந்து இடையில் அறுந்தால் எங்கே விட்டது என்று தேட வேண்டியிருக்கும்.

பென் டிரைவும் கடையும்

வீட்டில் கணினி இல்லாதவர்கள் போனைக் கொமினிகேஷன் கடையில் கொடுத்துப் பென் டிரைவுக்கு மாற்றிக்கொள்வது நடைமுறை. இங்கே தரம் பற்றிய கேள்வி இல்லை. யார் கண்ணில் படும் என்பதே கேள்வி. பெண்ணெடுப்பு, கல்யாண வீடு என்று குடும்பத்துப் பெண்களின் படங்கள் நிறைந்த போன் அது. கடைக் கணினியில் ஒரு கொப்பி தங்கிவிட்டால் அதைக் கடைக்காரரே மறந்திருப்பார், அடுத்து வருபவர் மறக்கமாட்டார். அந்தக் கணினியில் வைரஸ் இருந்தால் அது பென் டிரைவுடன் வீட்டுக்கும் வரும்.

இதற்கு மாற்று, போனிலேயே நேரே செருகக்கூடிய இருமுனைப் பென் டிரைவ். கணினி இல்லாமலே கொப்பி எடுக்கலாம். கடைக்குப் போவதானாலும் அச்சிட வேண்டிய பத்துப் படங்களை மட்டும் ஏற்றிக் கொடுக்கலாம். வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒரு டெராபைட் என்று எழுதி நம்ப முடியாத மலிவு விலைக்கு விற்பவை போலி. படம் ஏறிவிட்டது போலக் காட்டும், பிறகு திறக்காது. இன்னொன்று, பழைய ‘ஃபேட்32’ அமைப்பில் இருந்தால் 4 ஜிபியைவிடப் பெரிய ஒரே கோப்பு ஏறாது. நீண்ட கல்யாண வீடியோ ஏறாமல் நிற்பது இதனால்தான். வெறுமையாக இருக்கும்போதே ‘எக்ஸ்ஃபேட்’ அமைப்பில் போர்மட் செய்துவிடுங்கள்.

கூகுள் போட்டோஸ், ஐகிளவுட்

ஐந்தாவது கேள்விக்கு, அதாவது வீட்டுக்கு ஏதும் ஆனாலும் படம் மிஞ்சுமா என்பதற்கு, தயங்காமல் ஆம் என்று சொல்லும் வழி இது. ஆனால் இலவச இடம் சின்னது. கூகுள் எல்லையில்லாமல் ஏற்றவிட்ட காலம் 2021 ஜூன் 1இல் முடிந்தது. இப்போது 15 ஜிபி. அதையும் ஜிமெயிலும் டிரைவும் பங்குபோடுகின்றன, 2024 முதல் ஆண்ட்ராய்டின் வட்ஸ்அப் பெக்கப்பும் சேர்ந்துகொண்டது. ஐகிளவுட் தருவது 5 ஜிபி மட்டும்.

வேகத்தையும் கணக்கிடுங்கள். நொடிக்கு 5 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 10 ஜிபி ஏற நாலரை மணி நேரம் பிடிக்கும். இரவு டேட்டா தனியாகக் கிடைக்கும் பெக்கேஜ் இருந்தால், நள்ளிரவுக்குப் பிறகு போனைச் சார்ஜில் போட்டு ஏறவிடுவது நல்லது.

பெரிய ஆபத்து அழிப்பதில் இருக்கிறது. ஏற்றப்பட்ட படத்தைக் கூகுள் போட்டோஸ் செயலியில் அழித்தால் போனிலும் கூகுள் கணக்கிலும் சேர்ந்தே அழியும். போனில் மட்டும் இடம் எடுக்க ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்ற தனி வசதி உண்டு. அதைத்தான் பயன்படுத்த வேண்டும். தவறி அழித்தால் 60 நாட்களுக்குள் குப்பைத்தொட்டியிலிருந்து மீட்கலாம்.

வட்ஸ்அப்

அனுப்புவதற்கு இதைப்போல வேறில்லை. காத்து வைப்பதற்கு இதைப்போல மோசமானதும் இல்லை. வழக்கமான முறையில் அனுப்பும் படம் சுருங்குகிறது. எடுத்த தேதி, இடம் போன்ற உள்விவரங்களும் கழன்றுவிடுகின்றன. 2023 ஆகஸ்டில் வந்த ‘ஹெச்டி’ தெரிவு தெளிவைக் கூட்டியது, மூலப்படத்தை அது தருவதில்லை. மூலப்படமே போக வேண்டுமென்றால் இணைப்புக் குறியைத் தட்டி ‘டொக்யுமென்ட்’ ஆக அனுப்புங்கள். ஒரு கோப்பு 2 ஜிபி வரை போகும். பழைய உரையாடலில் படம் இருக்கிறதே என்ற நம்பிக்கையும் வேண்டாம். போனிலிருந்து கோப்பு போய்விட்டால் மங்கலான சதுரம்தான் மிஞ்சும், திரும்ப இறங்காது.

வந்தபின் ஒழுங்கு

ஆண்டுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் நிகழ்வுக்கு ஒன்று. பெயரைத் தேதியில் தொடங்குங்கள்: ‘2025-03-31 நோன்புப் பெருநாள்’. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கும். தமிழில் பெயர் வைப்பதிலும் தடையில்லை.

வட்ஸ்அப் படங்களைக் கெமராப் படங்களோடு கலக்காதீர்கள். அவற்றுக்கு ஆண்டுக்கொரு தனிக் கோப்புறை போதும். உள்விவரம் போனாலும் ஆண்ட்ராய்டில் கோப்பின் பெயரிலேயே வந்த தேதி இருக்கும். காலை வணக்கப் படங்களைக் களைந்த பிறகு வைக்க வேண்டியவை எவ்வளவு குறைவு என்று தெரியும்.

ஐபோன் தன் படங்களுக்கு 0001 முதல் 9999 வரை எண் கொடுத்துவிட்டு மீண்டும் தொடக்கத்துக்குப் போகும். ஒரே கோப்புறையில் கொட்டினால் ஒரே பெயரில் இரண்டு படம் மோதும். ‘ரீபிளேஸ்’ தட்டினால் பழையது போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிய கோப்புறையில் இறக்குவதே பாதுகாப்பு. இரட்டைப் படங்களைக் களைய டூப்குரு, முகம் பார்த்துத் தேட டிஜிகாம் ஆகிய இலவச மென்பொருள்கள் உண்டு. இரண்டாவது கொப்பி ஒன்று எடுத்த பிறகே களையெடுப்பைத் தொடங்குங்கள்.

காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் படங்களுக்குத் தனிக் கோப்புறை வேண்டும். அதைக் கடைக்குக் கொண்டுபோகும் பென் டிரைவில் ஏற்றவே கூடாது.

இரண்டாவது கொப்பி எங்கே?

நம் பகுதியில் பெண் பிள்ளைகளுக்கு உம்மாவின் வளவிலோ அடுத்த ஒழுங்கையிலோ வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். அதனால் ‘ராத்தா வீட்டிலும் ஒரு கொப்பி இருக்கு’ என்ற ஆறுதல் இங்கே பெரிதாக உதவாது. ஒரே தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் வரும். சம்மாந்துறை போல உள்நாட்டுப் பக்கத்தில் இருக்கும் உறவினர் வீடு நல்ல இடம். விடுமுறையில் வந்து திரும்பும் மகனின் பெட்டியில் ஒரு ஹார்ட் டிஸ்க் போவது அதைவிட நல்லது. வீட்டில் இருக்கும் டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை செருகிப் பார்க்கவும் வேண்டும். பென் டிரைவ் பல ஆண்டு மின்சாரம் காணாமல் கிடந்தால் அதிலுள்ளவை அழியக்கூடும்.

யாருக்கு எது?

வீட்டில் லெப்டொப் உள்ள குடும்பம்: மாதம் ஒருமுறை கேபிள், ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வெளியே போகும் ஹார்ட் டிஸ்க்.

கணினி இல்லாத குடும்பம்: இருமுனைப் பென் டிரைவ் இரண்டு, ஒன்று வீட்டில், ஒன்று வேறூரில். முக்கியமான படங்கள் மட்டும் கூகுள் போட்டோஸில்.

ஒலுவில் பல்கலைக்கழக மாணவர்: விரிவுரைப் பலகையின் படங்களைக் குயிக் ஷெயாரில் அன்றன்றே லெப்டொப்புக்கு மாற்றுவது, பரீட்சை முடிந்ததும் அழிப்பது.

சாரி, சாரம் படம் எடுத்து விற்கும் மருதமுனை நெசவாளர்: வாடிக்கையாளருக்கு வட்ஸ்அப் ஹெச்டி, அச்சுக்குப் போகும் படம் டொக்யுமென்டாக, மூலப்படங்கள் கேபிளில் கணினிக்கு.

வெளிநாட்டில் இருப்பவர்: உம்மா அனுப்பும் படங்களுக்கு வட்ஸ்அப் போதும். சேர்த்து வைக்க வேண்டிய மூலப்படங்களுக்குக் கூகுள் போட்டோஸில் ஒரு பகிர்ந்த அல்பம் திறந்து வீட்டாரையும் சேர்த்துக்கொள்வது.

எல்லாருக்கும் ஒரே பரிந்துரை கேட்டால்: கொண்டுபோகக் கேபிள், காத்து வைக்கக் கரைக்கு வெளியே ஒரு கொப்பி, அனுப்ப மட்டும் வட்ஸ்அப். இந்த மூன்றில் நடுவிலுள்ளதைத்தான் நாம் எப்போதும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுகிறோம். ஆகவே முதலில் அதைச் செய்யுங்கள். போனை ஒழுங்குபடுத்துவது பிறகும் நடக்கும்.