பிள்ளை தப்பு பண்ணிட்டா… சட்டம் என்ன செய்யும்?

ராத்திரி ஒன்பது மணி. "அக்கா, உங்க பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்று பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்து சொல்கிறார். பையனுக்கு வயது 15. யாரோ நிறுத்தி வைத்திருந்த பைக்கை எடுத்துச் சென்றதாகப் புகார். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்குள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் பையன் முகம் தெரியும் வீடியோ சுற்றத் தொடங்கிவிட்டது.

இது கற்பனைச் சம்பவம்தான். ஆனால் எந்தத் தெருவிலும் நடக்கக்கூடியது. அந்த ராத்திரியில் அம்மாவும், அந்த குரூப்பில் இருப்பவர்களும் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்தப் பையனின் எதிர்காலமே மாறலாம்.

எந்தச் சட்டம் பொருந்தும்?

18 வயது முடியாதவர்களுக்கு, இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 பொருந்தும். இது 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது. சம்பவம் நடந்த அன்று என்ன வயது என்பதுதான் கணக்கு. இந்தச் சட்டம் அவர்களைக் 'குற்றவாளி' என்று சொல்வதில்லை. 'சட்டத்துடன் முரண்பட்ட சிறார்' என்றே குறிப்பிடுகிறது. சிறாருக்குத் தனிச் சட்டம் என்பது நமக்குப் புதிதும் அல்ல. 1920-லேயே சென்னை மாகாணம் சிறார் சட்டம் இயற்றியது.

முதல் 24 மணி நேரம்

பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை இவை:

• சிறாரை லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. கைவிலங்கு போடக் கூடாது.
• குழந்தைகள் நல காவல் அலுவலர்தான் அவரைக் கையாள வேண்டும். அதுவும் சீருடை இல்லாமல்.
• பெற்றோருக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் தகவல் சொல்ல வேண்டும்.
• குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி கட்டாயப்படுத்தவோ, வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவோ கூடாது.
• பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் ஆஜர்படுத்த வேண்டும்.

குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். சமூகப் பணியாளர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

வயதை எப்படி நிரூபிப்பது?

பள்ளியில் தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதலில் பார்க்கப்படும். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டுமே இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. பிள்ளைகளின் சான்றிதழ்களைப் படம் எடுத்து உங்கள் போனில் வைத்திருங்கள். அவசரத்தில் பீரோவைக் குடைந்து தேட வேண்டியிருக்காது.

ஜாமீன் கிடைக்குமா?

பெரியவர்கள் வழக்கில் ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருந்தாலும், சிறாருக்கு ஜாமீன் என்பதே பொது விதி. வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேரும் வாய்ப்பு, பிள்ளைக்கே ஆபத்து, நீதி கெடும் நிலை ஆகியவை இருந்தால் மட்டும் மறுக்கலாம். அப்போதும் சிறை கிடையாது. கூர்நோக்கு இல்லத்தில் வைப்பார்கள்.

நன்னடத்தை அலுவலர் பிள்ளையின் வீடு, படிப்பு, நட்பு வட்டம் எல்லாவற்றையும் விசாரித்து அறிக்கை தருவார். அவரிடம் எதையும் மறைக்காதீர்கள். பள்ளியை விட்டு நின்றது, வீட்டுச் சண்டை, போதைப் பழக்கம் என எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். அந்த அறிக்கையை வைத்துத்தான் பிள்ளைக்கு என்ன உதவி வேண்டும் என்று குழுமம் முடிவு செய்யும்.

"தப்பு செஞ்சவனுக்கு இவ்வளவு சலுகையா?"

பைக்கைப் பறிகொடுத்தவர் இப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் சட்டம் யாரையும் சும்மா விட்டுவிடுவதில்லை. விசாரணையை 4 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். தவறு உறுதியானால் எச்சரிக்கை, மனநல ஆலோசனை, சமூக சேவை, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு முதல் அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லம் வரை உத்தரவிடலாம்.

குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள கொடுங்குற்றம் என்றால் நிலைமை வேறு. 16 வயது நிரம்பியவரின் மனநிலை, உடல்நிலை, விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் ஆகியவற்றைக் குழுமம் மதிப்பிடும். தேவைப்பட்டால் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பும். அங்கும் மரண தண்டனை கிடையாது. விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. 21 வயது வரை பாதுகாப்பான தனி இடத்தில்தான் வைக்கப்படுவார்.

பழைய வழக்கு வேலைக்குத் தடையா?

தடை இல்லை. பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவர்கள் தவிர, மற்ற சிறாருக்கு அந்த வழக்கு பின்னாளில் எந்தத் தகுதியிழப்பும் ஆகாது. முடிந்துபோன வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூட காவல்துறை வெளியிடக் கூடாது.

அந்த வீடியோவை என்ன செய்வது?

காவல்துறையே வெளியிடக் கூடாததை நாம் ஒரு ஃபார்வர்டில் ஊருக்கே சொல்லிவிடுகிறோம். சிறாரின் பெயர், படம், முகவரி, பள்ளி என அடையாளம் தெரியும் எதையும், எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சட்டம் வழக்கை முடித்து வைத்தாலும் வீடியோ முடிவதில்லை. நாலு வருஷம் கழித்து வேலை கேட்டுப் போகும் இடத்தில் அது அவனுக்கு முன்னால் போய் நிற்கும்.

வந்தால் பகிராதீர்கள், அழித்துவிடுங்கள். குரூப் அட்மினிடமும் சொல்லுங்கள்.

போனில் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள்

• 1098 – குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும்
• 15100 – இலவச சட்ட உதவி. சிறாருக்கு வழக்கறிஞர் இலவசமாகக் கிடைப்பார். வருமானச் சான்று தேவையில்லை.

அந்த ராத்திரி அம்மாவுக்கு முதலில் தேவை இந்த இரண்டு எண்கள்தான். பக்கத்து வீட்டில் இருக்கும் நீங்கள் அவற்றைச் சொல்லி, ஸ்டேஷன் வரை கூடவே போனால், அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.