நம்பிக்கைகளும் உண்மைகளும்: கைதாங்கி நாதத்தைக் கொல்லுமா?

கிதார் வாசிப்போர் இருவர் கூடிவிட்டால் எப்படியோ தலைகாட்டிவிடுகிற வதந்தி ஒன்று உண்டு. முன்கை படியும் விளிம்பில் மரத்தாலான ஒரு கைதாங்கியை ஒட்டிவிட்டால் வாத்தியத்தின் நாதமே செத்துப்போகும் என்பது அது. சொல்கிறவரை, "ஐயா, தாங்கள் ஒட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டால், பார்த்தவர் யாரோ சொன்னார் என்பார், அந்த யாரோவைத் தேடிப் போனால் அவருக்கும் வேறொருவர் சொல்லியிருப்பார். மடியில் வாத்தியமும் தலையில் இரண்டு காதுகளும் இருக்க, பிரத்யட்சமாகப் பரீட்சித்துவிடக்கூடிய விஷயத்தில் செவிவழிச் செய்தியைப் பிரமாணமாகக் கொண்டு திரிகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுமை தங்குவதில்லை.

கிதாரின் குரல் பெரும்பாலும் அதன் மேற்பலகையின் குரலே என்பதைக் காட்ட, ஸ்பெயின் தேசத்து வாத்தியச் சிற்பி அந்தோனியோ டி தோர்ரெஸ் 1862-இல் பக்கங்களையும் முதுகையும் காகிதக்கூழ் அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல ஸ்புரூஸ் மரத்தில் அமைத்து ஒரு கிதாரைப் பண்ணினார். பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. பொதுவாக ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமேயுள்ள கிதாரின் மேற்பலகை எல்லா இடத்திலும் ஒரே அளவாக அசைவதில்லை. தந்திகளைத் தாங்கும் குதிரையைச் சூழ்ந்த வயிற்றுப் பகுதி தாராளமாக ஏறியிறங்கும். விளிம்போ, உட்புறம் சுற்றிவரும் மரப்பட்டியோடும் பக்கப்பலகையோடும் பசையிட்டுப் பிணைக்கப்பட்டிருப்பதால், ஏறக்குறைய அசைவற்றுக் கிடக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியரான கிளாட்னி அதிரும் தகடுகளின் மேல் மணலைத் தூவி, அது அசையாத இடங்களில் போய் ஒதுங்கிச் சித்திரங்கள் வரைவதை உலகுக்குக் காட்டினார், நம் சி. வி. ராமன் மிருதங்கத் தோலின் மேல் மணல் தூவிக் கண்ட உருவங்களை 1934-இல் வெளியிட்டார். கிதார் செய்வோரில் பலர் இன்றைக்கும் மேற்பலகையின் மேல் தேயிலைத் தூளைத் தூவி இதே பரீட்சையைச் செய்கிறார்கள். கீழ்ஸ்தாயி அதிர்வில் அந்தத் தூள் நடுவைவிட்டு ஓடி விளிம்போரம் தஞ்சம் புகுவதைக் கண்ணால் பார்த்த ஒருவர், அந்த விளிம்பிலே ஒட்டிய சிறு மரத்துண்டு நாதத்தைக் கொன்றுவிடும் என்று வாய்திறந்து சொல்லமாட்டார்.

தேயிலைத் தூளுக்கும் சோம்பலாக இருந்தால் இன்னும் எளிய உபாயம் ஒன்று உண்டு. கிதாரை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, பக்கத்திலிருப்பவரைத் திறந்த தந்திகளை மீட்டச் சொல்லிவிட்டு, குதிரைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். ஒலி உடனே குன்றும். பிறகு அதே கையை எடுத்து, விளிம்பின் கடைசி விரல் அகலத்தில் மட்டும் கட்டைவிரலை ஊன்றுங்கள். வித்தியாசம் காதுக்கு எட்டினால் எனக்கு எழுதலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கைதாங்கிக்குப் பயப்படுகிற இந்த மனிதர்களேதாம், மரத்தைவிட அதிர்வை உறிஞ்சுவதில் பன்மடங்கு சமர்த்தான தங்கள் முன்கைச் சதையை, விளிம்பைத் தாண்டி மேற்பலகையின் உட்பகுதி வரையில் நாள்தோறும் மணிக்கணக்காகப் படுக்கப் போட்டு வாசிக்கிறார்கள். ஒழுங்காக அமைந்த கைதாங்கி விளிம்பை மட்டும் பற்றிக்கொண்டு, கையைப் பலகைக்குமேல் தூக்கிப் பிடிக்கிறது. பான்ஜோவில் கை தோலின்மேல் படாதிருக்க வளையத்தோடு கைதாங்கியைப் பூட்டுவது பழைய வழக்கம். அதைக் குறைசொல்ல ஒருவரும் எழுந்ததில்லை. வயலினுக்கு மோவாய்த்தாங்கியை லூயி ஷ்போர் என்ற ஜெர்மானிய வித்துவான் 1820-ஐ ஒட்டிக் கொண்டுவந்தார். அதுவும் விளிம்பில் இறுக்கிப் பிடிக்கிற மரமும் உலோகமுந்தான். நம் வதந்திக்காரர்களின் சாஸ்திரப்படி, மேலைநாட்டு மேடைகளில் ஒலிக்கும் ஸ்திராடிவாரி வயலின்களெல்லாம் எப்போதோ ஊமையாகியிருக்க வேண்டும்!

வதந்திக்கு ஒரு வேர் இல்லாமலில்லை. விளிம்போடு நில்லாமல் உள்ளே நீண்டு, அகன்ற பரப்பில் பலகையோடு ஒட்டிக்கொள்கிற கனமான கைதாங்கி நிச்சயமாக அதிர்வைத் தடுக்கும். அது பொருத்தியவரின் குற்றம்.

எதிர்த்திசையில் விற்பனைக்காரர்கள் கிளப்பும் கட்டுக்கதை, கைதாங்கி போட்டால் ஒலி இரட்டிப்பாகும் என்பது. கை எவ்வளவு உள்ளே படிந்திருந்ததோ அவ்வளவுக்குத்தான் லாபம். இடது காலை உயர்த்தி, முன்கையை விளிம்பில் மட்டும் ஊன்றி வாசிக்கிற கிளாசிகல் வித்தகருக்கு லாபம் சொற்பமே. கைதாங்கி கற்றுக்குட்டிகளுக்கானது என்பதும் பிழை: டொராண்டோவில் கிரிட் லாஸ்கின், விளிம்பையே சரித்துச் செதுக்கிக் கைக்கு இடம் செய்கிற முறையை வகுத்துத் தேர்ந்த கலைஞர்களுக்காகவே கிதார் செய்தார், அதே ஊரின் லிண்டா மான்சர், கிதார் கலைஞர் பாட் மெத்தினிக்காக 1984-இல் செய்த 42 தந்திக் கிதாரில் கைப்பக்கத்துப் பெட்டியின் ஆழத்தையே குறைத்துவிட்டார். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால் கைதாங்கி குணப்படுத்தும் என்று நம்புவோர் தயவுசெய்து வைத்தியரிடம் போகட்டும். முழங்கையில் நரம்பு நசுங்குவதற்கு மர வியாபாரியிடம் மருந்து கிடையாது.

ஒட்டுவதில் மாத்திரம் பயம் நியாயமானது. அதைப்பற்றி ஒருவரும் பேசக் காணோம். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுள்ள கிதாரில் ரப்பரும் வினைலும் நாள்பட ஊறித் தழும்பை உண்டாக்கும். அரக்கு மெருகேற்றிய பழைய கிதாரிலோ ஒட்டுநாடாவைப் பிய்க்கும்போது மெருகும் கூடவே வந்துவிடும். பூச்சு இன்னதென்று தெரியாமல் கையில் பசையை எடுக்காதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நோய்க்கு மூலத்தையும் சொல்லவேண்டியிருக்கிறது. மார்ட்டின் கம்பெனியார் 1916-இல் பாஸ்டன் நகரத்து டிட்சன் கடைக்காக உருவாக்கி, 1931-இல் தம் பெயரிலேயே விற்கத் தொடங்கிய, போர்க்கப்பலின் பெயரைத் தாங்கிய டிரெட்நாட் என்னும் பெரும்பெட்டி, அடிவயிறு 40 சென்டிமீட்டரை எட்டி, ஆழம் 12 சென்டிமீட்டரைத் தாண்டியது. கடைக்குப் போகிற ஒவ்வொருவர் கையிலும், உடற்கட்டு எதுவானாலும், இதைத்தான் திணிக்கிறார்கள். அதன்மேல் கையைப் போட்டால் குட்டையான சரீரமுள்ளவருக்குத் தோள் காதை நோக்கி ஏறுகிறது, முன்கையை விளிம்பு அறுக்கிறது, அப்புறம் கைதாங்கியைப் பற்றிய விசாரம் பிறக்கிறது. அதே கம்பெனியாரின் 000 வகையின் ஆழம் 10½ சென்டிமீட்டர் அளவுதான்; அறையில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு அதன் ஒலி தாராளமாகப் போதும். தோள் உயராமல் கை தானாக விழுகிற அளவு எதுவோ அதை மடியில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு டிரெட்நாட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, கைதாங்கி எங்கே கிடைக்கும் என்று என்னிடம் விசாரிக்க வராதீர்கள்.