மலைச்சரிவு வீட்டின் கீழ்த்தளத்தில் குளியலறை – திட்டமிடுவது எப்படி?

'பேஸ்மென்ட்' என்றதும் நகரத்துக் கார் நிறுத்தம்தான் நமக்கு நினைவுக்கு வரும். சேர்வராயன் மலையில் கதையே வேறு. சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில், ரோட்டிலிருந்து ஒரு தளமாகத் தெரியும் வீடு, பள்ளத்துப் பக்கம் இறங்கிப் பார்த்தால் இரண்டு தளமாக நிற்கும். அந்தக் கீழ்த்தளத்துக்கு ஒருபுறம் மண், மறுபுறம் வெளி. அங்கே ஒரு பாத்ரூம் வேண்டுமென்று வீட்டுக்காரர் கேட்டால், நாம் முதலில் பார்க்க வேண்டியது அறையை அல்ல, கழிவுநீர் போகும் வழியை.

1. வாட்டம்: 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40-க்கு 1 வாட்டம் கொடுப்பது வழக்கம். செப்டிக் டேங்க் 8 மீட்டர் தள்ளி இருந்தால், 800 ÷ 40 = 20 செ.மீ. இறக்கம் தேவை. டேங்க் பள்ளத்துப் பக்கம் இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். ரோட்டுப் பக்கம் மேலே இருந்தால் பம்பு வைத்துத்தான் ஏற்ற வேண்டும். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்! ஆகவே டியூப் லெவல் பிடித்துப் பார்க்காமல் தரையை உடைக்காதீர்கள்.

2. இணைப்பு: மேல்தளக் கழிவுக் குழாயின் அடியிலேயே புதுக் குழாயைச் சேர்ப்பது சுலபம்தான். ஆனால் வெளியே அடைத்துக்கொண்டால், மேலே ஊற்றும் தண்ணீரெல்லாம் கீழே பாத்ரூம் டிராப் வழியாகப் பொங்கும். தனிக் குழாயாகவே வெளிச் சேம்பருக்குக் கொண்டுபோக வேண்டும். சேம்பர் மூடி அறைத் தரையைவிடத் தாழ்வாக இருந்தால், பொங்கினாலும் வெளியேதான் வழியும்.

3. ஈரம்: மழைக்காலத்தில் மேட்டு மண்ணில் இறங்கும் நீர் சுவரை அழுத்தும். உள்பக்கம் மட்டும் நீர்த்தடுப்புப் பூச்சு பூசினால் அந்த அழுத்தமே அதை உரித்துவிடும். சுவருக்கு வெளியே ஜல்லி நிரப்பிய வடிகால்தான் சரியான வைத்தியம். பாத்ரூமைப் பள்ளத்துப் பக்கச் சுவரோரம் வைத்தால் ஜன்னலும் கிடைக்கும். பனிமூட்டக் காலத்தில் காற்றோட்டமில்லாத அறை லேசில் காயாது.

4. அளவு: கழிப்பிடத்துடன் சேர்ந்த குளியலறைக்குக் குறைந்தது 2.8 சதுர மீட்டர் பரப்பும், 2.1 மீட்டர் உயரமும் வேண்டும். 5 பேருக்கான டேங்க், ஐ.எஸ். 2470-ன்படி 1.5 மீ. நீளம், 0.75 மீ. அகலம், 1 மீ. நீர் ஆழம்.

5. உறிஞ்சு குழி: இதுதான் முக்கியம். குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்கிறது அதே ஐ.எஸ். மலையில் இது மட்டும் போதாது. மண் கழிவுநீரை வடிகட்டும். பாறை வெடிப்பு வடிகட்டாது. நேராகக் கீழே இறக்கிவிடும். கீழே யாருடைய கிணறு, எந்த ஊற்று இருக்கிறது என்று நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் குழிக்கு இடம் குறிக்க வேண்டும். தடுப்புச்சுவருக்குப் பின்னால் குழி தோண்டினால் மண் ஊறிச் சுவரே சாயலாம்.

வாட்டம் பார்ப்பது கொத்தனார் வேலை என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது. சமவெளியில் நம் தவறு நம் வாசலில் தேங்கும். மலையிலோ அது கீழ்வீட்டுக் குடிதண்ணீரில் போய்ச் சேரும். பிளான் வரையும்போது அந்தக் கீழ்வீட்டையும் சேர்த்து வரையுங்கள், நண்பர்களே!