கடற்பாறைக் குழி மீனும் மலை மடு மீனும்

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றிற் கலந்து, பாலாறு மாமல்லபுரத்திற்குத் தெற்கே வங்கக் கடலை அடைகிறது. கோடையில் மலை மடுவில் ஒதுங்கி உயிர் காக்கும் மீனைப் போலவே, கடற்கரைப் பாறைக் குழியில் ஒதுங்கி வாழும் மீனும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டு அறிதல் மலைவாசிகளுக்குப் பிரயோஜனமாகும்.

கடல் ஜலம் நம் கரைகளில் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வடிகிறது. வடியுங்கால் பாறைப் பள்ளங்களிற் சிறிது ஜலம் தங்கும். அங்கே விரல் நீளமேயுள்ள, ஆங்கிலேயர் பிளென்னி என்றழைக்கும் சிறு மீன்கள் வசிக்கின்றன. இவற்றிற்குச் செதிள் கிடையாது. வழுவழுப்பான சளியே உடலைப் போர்த்திருக்கும். வெயிலில் குழி ஜலம் சுடும், உப்பு மிகும். மழை பெய்தால் உப்புக் குறையும். அனைத்தையும் அம்மீன் பொறுத்துக்கொள்ளும். சில ஜாதிகள் தோல் ஈரமாயிருக்கும் வரை தோலின் வழியாகவும் பிராணவாயுவை ஏற்று, பாறை மீது தாவிச் செல்லும். பல ஜாதிகள் சீப்புப் போன்ற பற்களால் பாசியைச் சுரண்டித் தின்னும். பாறை இடுக்கில் ஒட்டிய முட்டைகளுக்கு ஆண் மீனே காவல் நிற்கும். தாய் திரும்பிப் பாராது. குஞ்சுகள் கடலில் மிதந்து திரிந்து, பின்னர் ஏதேனுமொரு கரையை அடைகின்றன. ஆதலின் ஒரு குழியில் மீன் அற்றுப்போயினும் கடலே மறுபடி விதைக்கிறது.

மலை மடுவின் நிலைமை வேறு. ஓடை அறுந்தபின் அயிரை மேலே வந்து காற்றை விழுங்கி, குடலின் வழியே சுவாசித்துத் தப்பும். ஆயினும் அங்கே மறுபடி விதைக்கக் கடல் இல்லை. பீமன் அருவி போன்ற செங்குத்தான வீழ்ச்சிகளைத் தாண்டிக் கீழிருந்து மீன் ஏறி வருதலும் அரிது. பங்குனி, சித்திரையில் மடுவில் எஞ்சியவையே அடுத்த மழைக்கு வித்து.

காரைக்காயை இடித்து மடுவிற் கலக்குதல் பழைய வழக்கம். அக்காயிலுள்ள, சோப்பைப்போல் நுரைக்கும் சத்து மீனின் செவுளைக் கெடுத்து மூச்சை அடைக்கும். பெரிய மீனைக் கூடையில் அள்ளுவர். குஞ்சுகளோ வீணே மிதந்து அழுகும், கால்நடை குடிக்கும் ஜலமும் நாறும். இது விதைச் சாமையைப் பொங்கித் தின்பதற்கு ஒப்பாகும். 1897-ம் வருஷத்து இந்திய மீன்பிடிச் சட்டம், ஜலத்தில் விஷமிடுவோருக்கு இரண்டு மாதம் வரை சிறையோ 200 ரூபாய் வரை அபராதமோ விதித்தது. வெடி வைப்பதும் அச்சட்டப்படி குற்றமே.

சட்டத்திற்கு அஞ்ச வேண்டியதில்லாத வழி ஒன்றுண்டு. அகன்ற கண்ணுள்ள வலையால் பெரிய மீனை மட்டும் எடுக்கலாம். ஊர்ப் பெரியதனக்காரர் கூடி, ஓடைக்கு ஓர் ஆழமான மடுவைக் குறித்து, மழை இறங்கி ஓடை மறுபடி ஓடும் வரை அதில் எவரும் கைவைக்காதபடி ஏற்பாடு செய்துகொள்ளலாம்.