மழையைத் தேடிப் போன தொலைநோக்கி

கேள்வி: ஆதித்யா எல்-1 விண்கலத்தின் பூர்வீகம் கொடைக்கானல் என்கிறார்களே, சூரியனை ஆராயும் நிலையம் பழனி மலைக்கு வந்தது எப்படி? (தாண்டிக்குடி வாசகர்)

பதில்: விண்கலம் 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. அதன் தலைமைக் கருவியை உருவாக்கியது பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அந்த நிறுவனம் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்திலிருந்து கிளைத்து 1971-இல் தன்னாட்சி பெற்றதாகையால், பூர்வீகம் என்ற சொல் மிகையாகாது. ஆய்வுக்கூடத்தின் சொந்தப் பூர்வீகத்தைத் தேடிப் போனால் வழி பஞ்சத்தில் போய் முடிகிறது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் தாது வருஷப் பஞ்சம் என்ற பெயரிலேயே நினைவில் வைத்திருக்கின்றன. ஜெர்மானியரான ஷ்வாபே, சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழப் பத்துப் பதினோர் ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதை 1843-இலேயே அறிவித்திருந்தார். கரும்புள்ளி என்பது சூரியப் பரப்பில் காந்தப்புலம் வலுத்து, சுற்றுப்புறத்தைவிட வெப்பம் குறைந்திருப்பதால் கருமையாகத் தெரியும் இடம். அவற்றுள் பூமியையே விழுங்கும் அளவுள்ளவையும் உண்டு. பஞ்சம் தலைவிரித்தாடிய 1877-இல் நார்மன் லாக்யர் என்ற வானியலாளரும் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் அதிகாரியும் சேர்ந்து, சென்னையின் மழைக் கணக்கைக் கரும்புள்ளிக் கணக்கோடு ஒப்பிட்டு, புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் குறைகிறது என்று எழுதினார்கள். சூரியனை நாள்தோறும் கவனித்து வந்தால் மழை பொய்க்கப்போவதை முன்கூட்டியே அறிந்து தானியம் சேர்த்து வைக்கலாம் என்ற நம்பிக்கை அரசு வட்டாரங்களில் பிறந்தது; பஞ்சத்தை விசாரித்த குழுவும் சூரியனைக் கவனிப்பதை வலியுறுத்தியது. (பஞ்ச காலத்திலும் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்த ஒரு நாட்டில், பழியைச் சூரியன் மீது போடுவது ஆட்சியாளர்களுக்கு வசதியாகவும் இருந்திருக்கும்.)

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இலிருந்தே கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக்கூடம் இருந்தது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. ஆனால் கடலோர நகரத்தின் வெக்கையும் ஈரப்பதமும் தூசியும் கலந்த காற்றின் வழியே பார்த்தால் சூரியனின் பிம்பம் கொதிக்கும் நீருக்கு அடியில் கிடக்கும் நாணயம்போல் நெளிகிறது. எனவே அரசு வானியலாளர் நார்மன் பாக்சன், பெரிய தொலைநோக்கி ஒன்றை மலைமேல் வைக்க வேண்டும் என்று 1882-இல் பரிந்துரைத்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் சுற்றி ஆராய, இறுதியில் கொடைக்கானல் தேர்வாயிற்று. 1895-இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899-இல் ஆய்வுக்கூடம் செயல்படத் தொடங்கியது.

கீழ்மலையில் இருக்கும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற ஊர்களைத் தாண்டி மேலே போனதற்கு உயரமே காரணம். ஆய்வுக்கூடம் கடல் மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அடர்ந்த காற்றும் தூசியும் பெரும்பகுதி அதற்குக் கீழேயே தங்கிவிடுகின்றன. காலை வெயில் ஏறித் தரை சூடாகி, பள்ளத்தாக்கிலிருந்து மேகம் கிளம்பி வருவதற்கு முந்தைய பொழுதில் பிம்பம் அசையாமல் நிற்கும். மோட்டார் சாலை இல்லாத அந்தக் காலத்தில், அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி மாட்டுவண்டியில் அடிவாரம் வந்து சேர்ந்த பின், பொருள்களைப் பெரும்பாலும் ஆட்கள் சுமந்தே மலைக்கு ஏற்றினார்கள்.

கேள்வி: அப்படியானால் கரும்புள்ளியைப் பார்த்து மழையைச் சொல்ல முடிந்ததா? (பண்ணைக்காடு வாசகர்)

பதில்: முடியவில்லை. கீழ்மலைக் காபித் தோட்டக்காரர் எவரும் அறிந்ததுபோல, கோடையில் மொட்டு விட்ட செடிக்கு உரிய நேரத்தில் பூமழை விழுந்தால்தான் பூ ஒருசேர மலர்ந்து காய் பிடிக்கும். அந்த மழை எப்போது வரும் என்பதைச் சூரியனின் புள்ளிகளிலிருந்து படித்தறியும் வித்தை இன்றுவரை கைகூடவில்லை. 1904 முதல் இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் என்ற கணித வல்லுநர், கரும்புள்ளிக்கும் மழைக்கும் உள்ள தொடர்பை எண்களால் சோதித்து, நம்பத் தகுந்த வலு அதில் இல்லை என்று கண்டார். அத்துடன் நில்லாமல் உலகெங்குமுள்ள வானிலைப் பதிவுகளை ஒப்பிட்டுக்கொண்டே போனபோது, பசிபிக் பகுதியிலும் இந்தியப் பெருங்கடல் பகுதியிலும் காற்றழுத்தம் தராசுத் தட்டுகள்போல மாறி மாறி ஏறி இறங்குவது அவருக்குப் புலப்பட்டது. எல் நினோ என்று இன்று செய்திகளில் அடிபடும் நிகழ்வைப் புரிந்துகொள்ள உதவிய கண்டுபிடிப்பு அது. பருவமழை முன்னறிவிப்பில் இன்றும் அதற்கு இடமுண்டு.

ஆய்வுக்கூடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தக் கேள்வி இவ்வாறு வேறிடத்துக்குப் போய்விட்டது. அதற்காக ஆய்வுக்கூடத்தை மூடிவிடவில்லை என்பதே தமிழ்நாட்டு அறிவியல் வரலாற்றில் போற்றத்தக்க செய்தி.

கேள்வி: கொடைக்கானலில் கண்டுபிடித்தது என்று சொல்ல என்ன இருக்கிறது? (வத்தலக்குண்டு வாசகர்)

பதில்: 1907-இல் கொடைக்கானலுக்கு வந்த ஜான் எவர்ஷெட், நிறமாலைச் சூரியப்படக் கருவியைச் செம்மைப்படுத்தினார். சூரிய ஒளியை வண்ணப் பட்டையாக விரித்தால் அதில் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் சூரியனில் உள்ள ஏதோ ஒரு தனிமத்தின் கையொப்பம். கால்சியத்தின் கோடு ஒன்றை மட்டும் மயிரிழை போன்ற பிளவு வழியே பிரித்தெடுத்து, அந்தப் பிளவு சூரிய வட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மெல்ல நகரும்போது, பின்னால் ஒளிப்படத் தகடும் அதே கதியில் ஈடுகொடுத்தால், கால்சிய ஒளியில் மட்டும் தெரியும் சூரியன் கண்ணாடித் தகட்டில் பதிகிறது. ஏறக்குறைய 60 மில்லிமீட்டர் அகலமே உள்ள அந்த வட்டத்தில், சாதாரண ஒளியில் தெரியாத வெளிர் திட்டுகள் கரும்புள்ளிகளைச் சூழ்ந்திருப்பதைக் காணலாம்.

கொடை ரோடு நிலையத்தில் நில்லாமல் போகும் விரைவு ரயிலின் ஊதல், நெருங்கும்போது உச்சத்திலும் விலகும்போது தாழ்ந்தும் கேட்கிறது. ஒளிக்கும் இதே கதிதான்: ஒளி விடும் வாயு நெருங்கி வந்தால் கோடு நீலப் பக்கமும் விலகிப் போனால் சிவப்புப் பக்கமும் சற்றே நகரும். சூரிய விளிம்பருகே இருந்த கரும்புள்ளிகளின் நிறமாலையை 1909 ஜனவரியில் பதிவு செய்த எவர்ஷெட், புள்ளியின் ஒரு பக்கத்தில் கோடு நீலத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் சிவப்புக்கும் சாய்ந்திருப்பதைக் கண்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் ஹேல் கரும்புள்ளியில் காந்தப்புலத்தைக் கண்டறிந்திருந்ததால், அங்கே வாயு சுழல்காற்றுபோல் சுற்றும் என்ற எதிர்பார்ப்பே மேலோங்கி நின்றது. எவர்ஷெட்டின் தகடுகளோ, வாயு மையத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல வெளிநோக்கி ஓடுவதைக் காட்டின. எவர்ஷெட் விளைவு என்று உலகின் சூரிய இயற்பியல் நூல்கள் அனைத்தும் குறிப்பிடுவது கொடைக்கானல் குன்றின்மேல் கண்டறிந்த இந்த ஓட்டத்தைத்தான். அவருடைய மனைவி மேரி எவர்ஷெட்டும் சூரிய விளிம்பில் எழும் வாயுத் தழல்களை ஆராய்ந்த வானியலாளர். தாந்தேயின் கவிதையில் உள்ள வானியலைப் பற்றி நூலும் எழுதியவர்.

கேள்வி: எல்-1 என்ற பெயர் எங்கிருந்து வந்தது? மலையில் தொலைநோக்கி இருக்கும்போது அவ்வளவு தொலைவு போவானேன்? (ஒட்டன்சத்திரம் வாசகர்)

பதில்: எல் என்பது பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித மேதை லக்ராஞ்சியின் பெயருக்குரிய முதலெழுத்து. ஒன்றையொன்று சுற்றும் இரு பொருள்களுக்குத் தொடர்பாக ஐந்து தனி இடங்கள் உண்டு. அவற்றுள் சூரியனுக்கும் பூமிக்கும் இடையே, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருப்பது முதல் இடம். சூரியனின் ஈர்ப்பும் பூமியின் ஈர்ப்பும் அங்கே சமமாகி ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன என்று பல பத்திரிகைகள் எழுதுவது தவறு. சூரியனுக்கு அருகே போகப்போகச் சுற்றும் காலம் குறைய வேண்டும் என்பது விதி. அந்த இடத்தில் பூமி பின்னாலிருந்து சற்றே இழுத்துப் பிடிப்பதால், அங்குள்ள பொருளும் பூமியைப் போலவே சரியாக ஓராண்டில் சூரியனைச் சுற்றி வந்து, எப்போதும் பூமியோடு ஒரே வரிசையில் நிற்கிறது. 2024 ஜனவரி 6 அன்று அங்கே சேர்ந்த ஆதித்யா, அந்தப் புள்ளியை வளையமாக ஒருமுறை வலம்வர சுமார் 178 நாள் எடுத்துக்கொள்கிறது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டையைச் சேர்ந்தவர்.

அங்கே இரவில்லை, மேகமில்லை. அதைவிட முக்கியமாக, காற்றில்லை. சூரியனைச் சூழ்ந்த ஒளிவட்டம் அதன் பரப்பைவிடப் பத்து லட்சம் மடங்கு மங்கியது. மலைமேலும் வானத்தின் நீல வெளிச்சமே அதை விழுங்கிவிடும் என்பதால், முழுக் கிரகணம் நிகழும் சில நிமிடங்களில்தான் அது கண்ணுக்குத் தெரியும். பிரெஞ்சு வானியலாளர் லியோ 1930-களில், தொலைநோக்கிக்குள்ளேயே சூரிய வட்டத்தை ஒரு தட்டால் மறைத்துச் செயற்கைக் கிரகணம் உண்டாக்கும் வழியைக் கண்டார். ஆதித்யாவின் தலைமைக் கருவி அந்த வழியில் வந்ததே. கண்ணாடியில் ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் சிதறும் ஒளி ஒளிவட்டத்தை மறைத்துவிடும் என்பதால், பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில் தூசி புகாத கூடத்தில் அதைப் பூட்டிப் பொருத்தினார்கள். 2024 டிசம்பரில் இந்திய ராக்கெட் ஏற்றிச் சென்ற ஐரோப்பாவின் புரோபா-3, இந்த மறைப்புத் தட்டையே தனி விண்கலமாக்கி, 150 மீட்டர் தள்ளிப் பறக்கும் இன்னொரு விண்கலத்தின் மீது அதன் நிழலை விழச் செய்கிறது.

மழைக்காகத் தொடங்கிய வேலை இப்போது வேறொரு வானிலைக்குப் பயன்படுகிறது. சூரியன் வீசியெறியும் மின்னேறிய துகள்கள் செயற்கைக்கோள்களையும் மின்கட்டமைப்பையும் பாதிப்பதை விண்வெளி வானிலை என்கிறார்கள். நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சூரியக் காற்று ஆதித்யாவைக் கடந்து பூமியை எட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆதித்யாவின் செய்தியோ ஐந்து நொடியில் வந்துவிடும். 2024 மே 10, 11 தேதிகளில் 20 ஆண்டுகளில் காணாத சூரியப் புயல் பூமியைத் தாக்கி, துருவப் பகுதிகளுக்கே உரிய செவ்வொளி லடாக்கின் ஹான்லே வானத்திலும் படர்ந்தபோது, ஆதித்யாவின் கருவிகள் அதைப் பதிவு செய்தன.

கேள்வி: இவ்வளவு வந்த பிறகு கொடைக்கானலில் இன்னும் என்ன வேலை நடக்கிறது? (தாண்டிக்குடி வாசகர்)

பதில்: மேகம் விடும் நாட்களில் சூரியனைப் படமெடுக்கும் வேலை நடக்கிறது. ஆதித்யாவில் உள்ள புறஊதாத் தொலைநோக்கி கால்சியத்தின் இன்னொரு கோட்டிலும் சூரியனைப் பார்க்கிறது. ஆனால் 1910-இல் சூரியன் எப்படி இருந்தது என்று அதைக் கேட்க முடியாது. அதற்கு விடை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆய்வுக்கூடத்தின் பெட்டகங்களில் சேர்ந்திருக்கும் கண்ணாடித் தகடுகளில் இருக்கிறது. ஏறக்குறையப் பத்துக் கரும்புள்ளிச் சுழற்சிகளைக் கண்ட அந்தத் தகடுகளை இப்போது எண்ம வடிவில் மாற்றி உலக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். சூரியப் பரப்பு முழுவதன் காந்தப்புலத்தையும் நேரில் அளக்கும் கருவி இல்லாத பழைய ஆண்டுகளில் அது எப்படிப் பரவியிருந்தது என்பதை, எவர்ஷெட் காலத்துத் தகடுகளில் பதிந்த வெளிர் திட்டுகளைக் கொண்டே அவர்கள் கணக்கிடுகிறார்கள்.