திருட்டு மீனுக்குத் துறைமுகத்தில் பூட்டு

மீன் ஏற்றுமதியோடு தொடர்புடைய வாசகர் ஒருவர், "நடுக்கடலில் எவனோ செய்யும் களவுக்குக் கரையிலிருக்கும் நாங்கள் ஏன் படிவம் நிரப்ப வேண்டும்?" எனக் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான்.

சமுத்திரம் முழுவதும் ரோந்து செல்வதற்கு எந்த நாட்டிடமும் கப்பல் போதாது. ஆனால் களவாகப் பிடித்தவனும் மீனை இறக்கவும் டீசல் அடிக்கவும் ஒரு துறைமுகத்துக்கு வந்தாக வேண்டும். இறக்க முடியாத மீன் காசாகாது. இந்தக் கணக்கை வைத்தே ஐ.நா. உணவு, விவசாய நிறுவனம் 2009இல் துறைமுக அரசுகளுக்கான உடன்படிக்கையை நிறைவேற்றியது. அது 2016 ஜூன் 5இல் அமுலுக்கு வந்தது. இலங்கை 2011இலேயே அதில் இணைந்துவிட்டது.

இதன்படி வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் குறித்த துறைமுகங்களுக்கு மட்டுமே வரலாம். எங்கே, எந்த அனுமதியுடன், எவ்வளவு பிடித்தது என்பதை முன்கூட்டியே அறிவித்து அனுமதி கேட்க வேண்டும். களவு என்பதற்குப் போதிய ஆதாரமிருந்தால் அனுமதி மறுக்கப்படும். உள்ளே வந்த பின்னர் தெரியவந்தால் மீன் இறக்கவோ, எரிபொருள் நிரப்பவோ, திருத்தவேலை செய்யவோ முடியாது. ஆபத்தில் சிக்கிய கப்பலுக்கு மாத்திரம் விலக்குண்டு; உயிர் காப்பது வேறு, வியாபாரம் வேறு.

இந்த உடன்படிக்கை பிறநாட்டுக் கப்பல்களுக்கானது. நம்மைச் சுட்டதோ நமது கொடியின் கீழ் ஓடிய படகுகள். ஆழ்கடலுக்குப் போன அவற்றைக் கண்காணிக்கவில்லை, தண்டனையும் போதாது என்று 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் எச்சரித்தது. 2015 ஜனவரியில் தடை வந்தது. 2013இல் அந்தச் சந்தைக்கு நாம் அனுப்பிய குளிரூட்டிய சூரை, வாள்மீன் வகைகள் 7,400 தொன். பெறுமதி 7 கோடி 40 இலட்சம் யூரோ. கிலோவுக்குப் பத்து யூரோ! ஒழுங்காகத் தொழில் செய்தவரின் மீனும் சேர்ந்தே நின்றது. 2016 ஜூனில்தான் தடை நீங்கியது. வாசகரின் கேள்விக்கு என் பதில் அந்தப் பதினேழு மாதங்கள்தாம்.

ஆகவே படகிலிருந்து வாங்குபவர் விலையை மட்டும் பேசாமல், படகின் பதிவிலக்கத்தையும் பயணப் பதிவேட்டையும் கேட்டுப் பெற வேண்டும். கடற்றொழில் திணைக்களம் உறுதிப்படுத்தும் பிடிச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பாவுக்குப் பெட்டி போகாது.

இறக்குமதி செய்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேறு துறைமுகத்தில் ஏற்கனவே இறக்கப்பட்ட மீனைக் கொண்டுவரும் கொள்கலன் கப்பல், சந்தேகத்துக்கு இடமில்லாதவரை, இந்த உடன்படிக்கைக்குள் வராது. என் பார்வையில் பெரிய ஓட்டை அதுவே. மீன் முதலில் எங்கே இறங்கியது என்பதை அனுப்புபவரிடம் எழுத்தில் கேட்பதற்கு ஒரு தபால் செலவுகூட ஆகாது.