எழுந்து நிற்கும் பெலன்



என் சொந்தக் குறை ஒன்றைச் சொல்லி இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பது 58ஆம் வயதில் தெரியவந்தது. பயந்துபோய்ச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தேன். காலையில் ஒரு டம்ளர் கேப்பைக் கூழ், இராத்திரி இரண்டு சப்பாத்தி. ஒரு வருஷத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. "ஐயா நன்றாக இளைத்துவிட்டார்" என்று சபையார் மெச்சினபோது எனக்கும் பெருமையாயிருந்தது. ஒரு நாள் காலை, வார்டில் ஒரு கட்டிலண்டையில் முழங்காற்படியிட்டு ஜெபித்தேன். ஆமென் சொன்னபின் எழுந்திருக்க முடியவில்லை. யாருக்காக ஜெபித்தேனோ, அந்த நோயாளியே கைகொடுத்துத் தூக்கிவிட்டார். கொழுப்போடுகூடத் தசையையும் இழந்துவிட்டேன் என்று டாக்டர் சொன்னபோதுதான் விஷயம் விளங்கிற்று.

தசை ஒரு களஞ்சியம்

நடக்கவும் சுமக்கவும் மாத்திரமே தசை என்று நினைக்கிறோம். ஆனால் சாப்பாட்டிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையை இன்சுலின் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்களில் பெரியது தசையே. களஞ்சியம் சிறுத்துப்போனால் அறுத்த நெல் களத்திலேயே கிடக்கும். அப்படியே தசை சிறுத்தால் சர்க்கரை இரத்தத்திலே தங்கும். மறுபக்கம், இன்சுலின் சரியாய் வேலை செய்யாவிட்டால் தசை வளருவது தடைபடும். சர்க்கரை வியாதியால் நரம்பு கெட்டால் காலின் தசை இன்னும் மெலியும். இப்படி ஒன்று மற்றொன்றைக் கெடுக்கிறது. முப்பது வயதுக்குமேல் மெல்லக் குறையத் தொடங்கும் தசை, அறுபதுக்குமேல் வேகமாய்க் குறைகிறது.

"நான் ஒல்லிதானே" என்று யாரும் நிம்மதியடைய வேண்டாம். புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் 2004ஆம் வருஷம் லான்செட் பத்திரிகையில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு மெலிந்த இந்தியரிடத்தில் தசை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருக்கக்கூடும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் தேசத்தில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை வியாதி உண்டென்று கணக்கிட்டது.

நம் பள்ளத்தாக்கில்

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் தாய்மாரை நீங்கள் அறிவீர்கள். மலைச்சரிவில் வேலை செய்த கால்கள் அவை. ஐம்பதுக்குமேல் வேலையை விட்டு வீட்டிலிருக்கும்போது, சாப்பாடு முன்போலவே சோறும் குழம்புமாயிருக்கிறது, உழைப்போ நின்றுவிடுகிறது. சில வருஷங்களில் தரையிலிருந்து எழ முடிவதில்லை. "வயசாயிருச்சு, அவ்வளவுதான்" என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

வீட்டிலேயே ஒரு பரீட்சை

சுவரோரம் உறுதியான நாற்காலி போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள். 2019இல் ஆசிய மருத்துவக் குழு வகுத்த அளவு இது.

செய்யவேண்டியது

நடை நல்லது, ஆனால் அது மாத்திரம் போதாது. தசைக்குப் பாரம் வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், சுவரைத் தள்ளுதல், தண்ணீர் பாட்டில்களைத் தூக்குதல் ஆகியவற்றை வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்யலாம். சாப்பாட்டில் சோற்றைக் குறைத்து, மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு, முட்டை, மீன், மோர் ஆகியவற்றைக் கூட்டவேண்டும். முதியோருக்கு, எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தினமும் தேவை. ஒரு முட்டையில் கிடைப்பது ஏறக்குறைய 6 கிராமே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை தாழக்கூடும். காலில் புண்ணோ, கண்ணில் இரத்தக்கசிவோ இருந்தால் முதலில் ஆலோசனை பெறுங்கள்.

காலம் கடந்துவிட்டதோ என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990இல் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், ஏறக்குறைய 90 வயதான பத்துப்பேருக்கு எட்டு வாரம் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பெலன் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேலாயிற்று.

நானும் தினமும் நாற்காலியில் பத்துத்தரம் எழுந்து உட்காருகிறேன். என் எடை மூன்று கிலோ கூடிவிட்டது. சபையார் இப்போது மெச்சுகிறதில்லை. ஆனால் கட்டிலண்டையில் முழங்காற்படியிட்டால் நானே எழுந்திருக்கிறேன்.

சிந்திக்க:
1. நம் சபையில் பாட்டுக்கு எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் யார்? காரணத்தை விசாரித்தோமா?
2. நம் வீட்டு முதியவரின் தட்டில் நேற்று சோற்றோடு வேறென்ன இருந்தது?
3. "நீங்கள் சும்மா இருங்கள்" என்று அன்பினாலே சொல்லி, யாருடைய பெலனை நாம் குறைத்துவிடுகிறோம்?